புது 4கே டிவியில் கேபிள் படம் ஏன் கலங்கலாகத் தெரிகிறது? டிவியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். 29 இன்ச் டப்பா டிவியைக் கழற்றிவிட்டு 55 இன்ச் 4கே எல்இடி மாட்டியிருக்கிறீர்கள். சோபா எட்டு ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. கேபிளில் சீரியல் போட்டால் முகமெல்லாம் வழவழவென்று இருக்கிறது, கீழே ஓடும் எழுத்தைச் சுற்றிக் கசகசவென்று ஏதோ நெளிகிறது. சினிமா போட்டால் அதுவும் சீரியல் மாதிரியே தெரிகிறது. "பழசே தேவலை" என்கிறார் அம்மா. கேபிள்காரர் சிக்னல் சரி என்கிறார், கடைக்காரர் பூஸ்டர் போடச் சொல்கிறார். திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டிவியில் குறை உண்டா? குறை இல்லையென்றால், இவ்வளவு பணம் கொடுத்தும் ஏன் இப்படி? இரண்டாவதற்கு இங்கிருந்தே உறுதியாகப் பதில் சொல்லலாம். முதலாவதற்கு நீங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் கண்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு டிவி சர்வீஸ் கடை, இன்றுவரை அதுதான். டப்பா டிவி, எல்சிடி, எல்இடி மூன்றையும் திறந்து பார்த்தவன். கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவன் அல்ல. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மா விஷயம். அவர் சொல்வது பழசின் மேல் உள்ள பாசம் அல்ல, கணக்குப்படியே சரி. உங்கள் கேபிளில் வரும் சாதாரண சேனல், அதாவது எஸ்டி, அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படம். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். உங்கள் 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160, அதாவது 82,94,400. சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளி உள்ளே வந்தால் மீதிப் பத்தொன்பதை டிவி தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்துக் கல்யாண ஃபிளெக்ஸ் அடிக்கச் சொன்ன கதைதான் இது. அச்சடிக்கும் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போட்டோவில் இல்லாத இமை முடியை அது கொண்டுவர முடியாது.

இதில் தூரமும் சேர்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் பொதுவாக வைக்கும் அளவு. அதை வைத்துப் போட்டால், 29 இன்ச் டப்பா டிவியில் 576 வரிகளும் ஒன்றோடொன்று கலந்து ஒழுங்கான படமாகத் தெரிய எட்டடி தள்ளி உட்கார்ந்தால் போதும். உங்கள் வீட்டு சோபா அங்கேதான் இருக்கிறது. அதே 576 வரிகளை 55 இன்ச்சுக்கு இழுத்தால் அந்தத் தூரம் பதின்மூன்று அடிக்கு மேல் போய்விடும். திரை மாறியது, சோபா மாறவில்லை. பரப்பளவில் பழைய திரையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இது. முன்பு கண்ணுக்கு எட்டாமல் இருந்த குறைகள் எல்லாம் இப்போது நேருக்கு நேர் தெரிகின்றன.

டப்பா டிவிக்கு இன்னொரு வசதியும் இருந்தது. பிக்சர் டியூபில் இன்றைய திரைபோல் கட்டம் போட்ட புள்ளிகளில் படம் பூட்டப்படவில்லை. எலக்ட்ரான் கற்றை வரைகிற கோட்டுக்கு விளிம்பு கொஞ்சம் மென்மையாக இருக்கும், அந்த மென்மையே பல அழுக்குகளை மறைத்துவிடும். தவிர, நம் ஊர் ஒளிபரப்பு ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 பாதிகளாக அனுப்புகிறது. அந்த முறையே டியூபுக்காக ஏற்பட்டது, டியூப் அதை அப்படியே வரைந்துவிடும். எல்இடி அப்படி வரையாது. இரண்டு பாதிகளையும் கோத்து முழுப் படமாக்கி, அதை இருபது மடங்கு பெரிதாக்கி, பிறகுதான் காட்டும். கோக்கும் இடத்தில் அசைவு இருந்தால் விளிம்பில் பல் பல்லாகத் தெரியும். விலை கூடிய டிவிகளில் இந்தக் கோக்கும் வேலையையும் பெரிதாக்கும் வேலையையும் செய்யும் சிப் நன்றாக இருக்கும், மலிவானவற்றில் சுமாராக இருக்கும். எச்டி, 4கே படம் ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. எஸ்டி போட்டால் உடனே தெரிந்துவிடும்.

புள்ளிக் கணக்கு மட்டும்தான் காரணம் என்றால் பழைய டிவிடி தட்டும் இதே அளவுக்கு மோசமாகத் தெரிய வேண்டும். டிவிடியிலும் அதே 720க்கு 576தான். பரணில் பழைய டிவிடி பிளேயர் இருந்தால் இந்த டிவியில் மாட்டி ஒரு ஒரிஜினல் தட்டைப் போட்டுப் பாருங்கள். கேபிளைவிடத் தெளிவாக இருக்கும். காரணம் பிட்ரேட், அதாவது படத்தைச் சுருக்கி அனுப்பும்போது ஒவ்வொரு நொடிக்கும் ஒதுக்கும் டேட்டா அளவு. இதைத்தான் கேபிள்காரர் சொல்ல மாட்டார், கடைக்காரருக்குத் தெரியாது.

அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஒரு அலைவரிசைப் பட்டை. அவ்வளவுதான், அதில் இன்னொன்றை நுழைக்க வழி கிடையாது. 2012 தொடங்கி 2017 வரை நாலு கட்டமாகக் கேபிளை டிஜிட்டலாக்கினார்கள், சென்னை முதல் கட்டம். டிஜிட்டலில் அதே 8 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள், பயன்படுத்தும் முறையைப் பொறுத்து நொடிக்கு ஏறத்தாழ 38 அல்லது 51 மெகாபிட் டேட்டா போகும். அதில் எத்தனை சேனல் அடைப்பது என்பது கண்ட்ரோல் ரூமின் விருப்பம். 38 மெகாபிட்டில் இருபது சேனலை வைத்தால் ஆளுக்கு இரண்டு மெகாபிட்கூடத் தேறாது. டிவிடியில் சராசரியாக ஐந்து வரை தாராளமாகக் கொடுப்பார்கள். டிவிடியைவிடப் புதிய சுருக்கும் முறையை, எம்பெக்-4ஐ, பயன்படுத்தினால் கொஞ்சம் ஈடுகட்டலாம், முழுவதும் முடியாது. சேனல் எண்ணிக்கையைக் காட்டித்தான் பேக்கேஜ் விற்கிறார்கள், தெளிவைக் காட்டி யாரும் விற்பதில்லை. அதனால் நெருக்கியடித்து ஏற்றுகிறார்கள். சில இடங்களில் 720 புள்ளி அகலத்தை 544 ஆகக் குறைத்தும் அனுப்புவார்கள். போதாக்குறைக்கு, சாட்டிலைட்டில் சுருங்கி வந்ததை விரித்து, தங்கள் லோகோவையோ விளம்பரத்தையோ சேர்த்து மறுபடி சுருக்கும் இடங்களும் உண்டு. ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் போகும், போனது திரும்பி வராது.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் இதற்குப் பொருந்துகின்றன. எழுத்தைச் சுற்றி நெளியும் அந்தக் கசகசப்பு சுருக்கல் மிச்சம், அதாவது படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கியதால் விழுந்த கறை, சந்தேகமே இல்லை. குளோசப்பில் ஆடாமல் நின்று அழும் முகம் ஓரளவு நன்றாகவும், குத்துப்பாட்டில் காகிதத்துண்டு பறக்கும்போது திரை கட்டம் கட்டமாக உடைந்தும் தெரிகிறதா என்று இன்றைக்குக் கவனியுங்கள். அசைவு கூடக்கூட டேட்டா அதிகம் வேண்டும், கொடுத்திருக்கும் அளவு பற்றாது, உடையும். மழைக் காட்சிக்கும் அதே கதிதான்.

கேபிள்காரர் சிக்னல் சரி என்று சொன்னது பொய் இல்லை. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் திரையில் எறும்பு ஓடும், நிழல் விழும், கலர் போகும். அந்தப் பழக்கத்தில் இன்றும் படம் கலங்கினால் சிக்னல் வீக் என்று நினைக்கிறோம். டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் மங்காது. நின்று நின்று வரும், பாதித் திரை பச்சைக் கட்டமாக உறையும், சத்தம் கத்தரித்துப் போகும், கடைசியில் ஒன்றுமே வராது. இந்தக் கோளாறு எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே பூஸ்டர் வாங்காதீர்கள். கண்ட்ரோல் ரூமிலேயே போன விவரத்தை வீட்டு வாசலில் மாட்டும் பூஸ்டர் கொண்டுவராது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ ஒயருக்கும் இதே பதில்தான். கூட வந்த ஒயரில் படம் விட்டுவிட்டு வராமல் ஓடினால் அது போதும்.

அடுத்து, காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை. பல டிவிகள் கண்ணைப் பறிக்கும் செட்டிங்கில்தான் வீட்டுக்கு வருகின்றன. கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் முப்பது டிவிக்கு நடுவே ஒன்று தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த செட்டிங் அது. நீங்கள் கடையில் பார்த்து மயங்கியதும் பென் டிரைவில் ஓடிய 4கே டெமோ வீடியோவாகத்தான் இருக்கும், கேபிள் சேனலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிக்சர் மோட் என்பது விவிட் அல்லது டைனமிக் என்று இருந்தால் சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் ஆகியவற்றில் எது உங்கள் டிவியில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகவும் டல்லாகவும் தோன்றும். ரெண்டு நாள் விட்டுவிடுங்கள், கண் பழகியபின் பழைய நீலம் கலந்த வெள்ளைதான் செயற்கையாகத் தெரியும்.

ஷார்ப்னஸ் என்ற செட்டிங்கைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் அது விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும் வேலை. எஸ்டி படத்தில் சுருக்கல் மிச்சத்தையும் அது விளிம்பு என்று எண்ணி எடுப்பாகக் காட்டும், கசகசப்பு இரட்டிப்பாகும். சில கம்பெனிகளில் பூஜ்யமே இயல்பு நிலை, சிலவற்றில் நடுப்புள்ளி. ஒரு செய்தி சேனலை வைத்து, எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். முகம் வழவழப்பாவதற்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற, படத்தின் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் செட்டிங் உச்சத்தில் இருப்பது காரணமாக இருக்கலாம். இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன், டேட்டா குறைவினாலும் தோலின் நுணுக்கம் அழியும். 'லோ' வைத்துப் பாருங்கள், முகம் கொஞ்சம் உயிர் பெற்றால் அதுதான் காரணம். ஒன்றை மறக்க வேண்டாம்: பல டிவிகளில் இந்த செட்டிங் எல்லாம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. யூடியூபில் மாற்றிவிட்டுக் கேபிளில் ஒன்றும் மாறவில்லையே என்று கடைக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

படத்தின் அளவையும் பாருங்கள். பழைய நிகழ்ச்சிகள் 4:3 அளவில் எடுத்தவை. அதைத் திரை நிறைய இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள், ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும், தெளிவும் இன்னும் குறையும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று விடுவதுதான் சரி. "காசு கொடுத்து வாங்கிய திரையில் பாதி வீணாகிறதே" என்று வீட்டில் குரல் எழும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சினிமா சீரியல் மாதிரி தெரிவதற்குக் காரணம் முற்றிலும் வேறு, தீர்வும் சுலபம். சினிமா நொடிக்கு 24 படங்கள். டிவி இரண்டு படங்களுக்கு நடுவே தானாக ஒரு படத்தை உருவாக்கிச் செருகி அசைவை வழுக்கச் செய்கிறது. டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நொடிக்கு 50 பாதிகளாகவே எடுக்கப்பட்டு வந்ததால், வழுக்கிக்கொண்டு போகும் அசைவைப் பார்த்தாலே நம் மனம் அதை சீரியல், நேரலை என்று எடுத்துக்கொள்ளும். படத்தில் செட்டு செட்டாகவும் மேக்கப் மேக்கப்பாகவும் தெரிய ஆரம்பித்துவிடும். 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் ஒரு வீடியோவே போட்டு, வீட்டில் படம் பார்க்கும் முன் இதை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோடில் இது தானாகவே அணைந்துவிடும். உங்கள் ரிமோட்டில் கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும்: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ். படத்துக்கு அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

இவ்வளவு செய்தும் எஸ்டி எஸ்டிதான். கசகசப்பு பாதியாகக் குறையலாம், கடையில் பார்த்த படம் வராது. அடுத்த படி பெட்டி. டிவிக்குப் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள் போகின்றனவா என்று பாருங்கள். போனால் உங்களிடம் எஸ்டி செட்டாப் பாக்ஸ் இருக்கிறது, அல்லது எச்டி பாக்ஸையே அந்த ஒயரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயர், பாக்ஸின் மெனுவில் அவுட்புட் '1080i' என்ற தேர்வு, இந்த மூன்றும் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. அதற்குமேல் எச்டி சேனலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அது வேறு நம்பரில் வரும். பணம் கட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் பழைய எஸ்டி நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கும் வீடுகள் ஊருக்குப் பத்து தேறும். எல்லாச் சேனலையும் எச்டியில் எடுக்க வேண்டாம். அம்மா தினமும் பார்க்கும் இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். எச்டியில் புள்ளிகள் எஸ்டியைப் போல் ஐந்து மடங்கு, 55 இன்ச்சுக்கு ஏழடித் தூரமே போதும். உங்கள் சோபாவிலிருந்து நல்ல எச்டிக்கும் 4கேவுக்கும் அம்மாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் எச்டி சேனலில் ஓடும் பழைய படம் எச்டியாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பழைய படங்களுக்கு சேனல் கையில் இருப்பது அந்தக் கால வீடியோ பிரதிதான், அதைப் பெரிதாக்கித்தான் போடுவார்கள்.

ஓடிடி பார்ப்பதாக எழுதவில்லை என்பதால் சுருக்கமாக: அங்கும் பிளான்தான் தெளிவைத் தீர்மானிக்கிறது. உதாரணத்துக்கு, நெட்ஃபிளிக்ஸில் 4கே பிரீமியம் பிளானுக்கு மட்டும்தான், நெட் வேகம் 15 மெகாபிட் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். டிவியின் மேல் ஒட்டியிருக்கும் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) ஸ்டிக்கரைப் பற்றி என் கருத்து, மலிவு டிவிகளில் அதை மறந்துவிடலாம். அந்த சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதற்குத்தான் ஸ்டிக்கர் உத்தரவாதம், அதைக் காட்டத் தேவையான வெளிச்சம் திரையில் இருக்கிறது என்பதற்கு அல்ல.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. வீட்டில் பெரும்பாலும் கேபிள் எஸ்டிதான் ஓடப்போகிறது என்றால் 43 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல எச்டி பாக்ஸும், வசனம் தெளிவாகக் கேட்க ஒரு சிறிய சவுண்ட்பாரும் வாங்கலாம். தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துத்தான் இருக்கிறது, டப்பா டிவியின் மரியாதையான சத்தத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

இனி முதல் கேள்வி, டிவியில் குறை உண்டா என்பது. நீங்கள் எழுதியதில் திரைக் கோளாறுக்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கம்பெனி பெயரையும் மாடலையும் நீங்கள் குறிப்பிடவில்லை, டிவியை நான் பார்க்கவும் இல்லை. அதனால் இரண்டு சோதனைகள். டிவியிலுள்ள யூடியூபில் 4கே இயற்கைக் காட்சி வீடியோ ஒன்றைப் போட்டு, குவாலிட்டியைக் கையாலேயே 2160க்கு மாற்றுங்கள். அது பளிச்சென்று இருந்தால் திரை நன்றாக இருக்கிறது, குறை முழுக்க உள்ளே வரும் படத்தில்தான். மெனு எழுத்துகள் கொஞ்சம் மங்கலாக இருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல ஆண்ட்ராய்டு டிவிகளில் மெனு மட்டும் 1080 அளவிலேயே வரையப்படும், அது இயல்பு.

யூடியூபிலும் மங்கல் என்றால் இரண்டாவது சோதனை. சந்தையில் '4கே சப்போர்ட்' என்று எழுதிய டிவிகள் உலவுகின்றன. 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், உள்ளே திரை சாதாரண எச்டியாக இருக்கும். வெள்ளைப் பின்னணி உள்ள ஒரு படத்தைத் திரையில் நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மெதுவாக ஒட்டிப் பிடித்து, போன் கேமராவில் மிக நெருக்கமாகப் போட்டோ எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தது ஒரு புள்ளி. படுக்கைவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். 55 இன்ச் 4கே என்றால் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வரும். பதினாறுக்குப் பக்கத்தில் வந்தால் அந்தத் திரை 4கே இல்லை. அப்போது அந்தப் போட்டோ, பில், டிவி அட்டைப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், திருப்பிக் கொடுக்கும் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். முப்பத்திரண்டு வந்தால் திருப்பிக் கொடுக்கக் காரணம் இல்லை. கேபிள்காரருக்குப் போன் போட்டு எச்டி பாக்ஸ் என்ன விலை என்று கேளுங்கள்.